நேர்காணலில் எங்கே பார்ப்பது? கண்ணும் மூளையும் பற்றிய ஒரு பயிற்சி வழிகாட்டி

நேர்காணலுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் வீட்டிலும் வகுப்பிலும் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை, “எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசு, பார்வையை எடுக்காதே” என்பது. இதன் முதல் பாதியோடு எனக்குப் பிணக்கு இல்லை. இரண்டாம் பாதி, நன்றாகப் பேசக்கூடிய பிள்ளையையும் திணறவைத்துவிடுகிறது என்பதை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு பகுதிகளில் வேலை தேடும் இளைஞர்களுக்கு மாலை நேரங்களில் பேச்சுப் பயிற்சி தருபவன் என்ற முறையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ ஒரு மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும், நன்றாகத் தெரிந்த பதில்கூட நாக்கில் வராமல் நின்றுவிடுகிறது. அதற்குப் படிப்பையோ ஆங்கிலத்தையோ மட்டும் குறை சொல்ல முடியாது. இன்னொருவர் நம்மை நேருக்கு நேர் பார்க்கும்போது நம் மூளை ஒரு தனி வேலையை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. அந்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டால், எப்போது பார்க்க வேண்டும், எப்போது பார்வையை விலக்கிக்கொள்ளலாம் என்பதைச் சில வாரங்களில் பழகிவிடலாம்.

மூளைக்குள் நடப்பது

மனிதக் கண்ணில் கருவிழிக்கு இருபுறமும் வெள்ளை நன்றாகத் தெரிகிறது. ஜப்பானைச் சேர்ந்த கோபயாஷியும் கோஷிமாவும் 1997இல் மனிதக் கண்ணைப் பல குரங்கினங்களின் கண்களோடு ஒப்பிட்டு, விழியின் வெண்மை இவ்வளவு பரப்பில் வெளியே தெரியும்படி அமைந்திருப்பது மனிதரிடம்தான் என்று காட்டினார்கள். இந்த அமைப்பினால், தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பவர் எங்கே பார்க்கிறார் என்பதைக்கூட நாம் நொடிப்பொழுதில் கண்டுகொள்கிறோம். அப்படிக் கண்டுகொள்வதில் ஈடுபடும் இடங்களும் மூளையில் உள்ளன. காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் ஒரு மடிப்பில், எதிரில் உள்ள முகம் எந்தத் திசையில் பார்க்கிறது என்பதைப் பொறுத்து இயங்கும் நரம்பணுக்கள் இருப்பதை 1980களில் டேவிட் பெரெட்டும் அவருடைய குழுவினரும் குரங்குகளிடம் கண்டறிந்தார்கள். மனித மூளையிலும் அதே பகுதி இந்தக் கணக்கைப் போடுவதில் பங்கெடுக்கிறது.

அதற்கும் உள்ளே, பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. தனக்கு முக்கியமானது, ஆபத்தானது எது என்று சட்டென்று பிரித்துப் பார்ப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. நேர்ப்பார்வை என்பது இதற்கு எவ்வளவு அவசரமான செய்தி என்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பார்வைச் செய்திகளை வாங்கும் மூளைப் பகுதி இருபுறமும் அழிந்துபோனதால் பார்வையை முற்றிலும் இழந்த ஒருவருக்கு, நேராகப் பார்க்கும் முகங்களையும் வேறு பக்கம் பார்க்கும் முகங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அவர் தம் அறிவுக்கு எட்ட எதையுமே காணவில்லை. ஆனாலும், நேராகப் பார்க்கும் முகம் வந்தபோது அவருடைய அமிக்டலா கூடுதலாக இயங்கியது. ஒருவர் நம்மைப் பார்க்கிறார் என்பதை நாம் ‘பார்ப்பதற்கு’ வெளியேயும் மூளை அறிந்துகொள்கிறது என்றுதான் இதற்குப் பொருள். இந்த நாட்டம் பிறவியிலேயே தொடங்குகிறது. பிறந்து 2 முதல் 5 நாட்களே ஆன குழந்தைகள், வேறு பக்கம் பார்க்கும் முகத்தைவிடத் தங்களை நேராகப் பார்க்கும் முகத்தையே அதிக நேரம் பார்த்தன என்று 2002இல் தெரேசா ஃபரோனியும் உடன் ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே, அதிகாரி நிமிர்ந்து பார்த்ததும் நெஞ்சு படபடப்பதைக் கோழைத்தனம் என்று எண்ணிக் குறுகிப்போக வேண்டியதில்லை.

நேர்காணலுக்குப் போகிறவர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. நேர்ப்பார்வையைச் சமாளிக்க மூளை செலவிடும் திறனும், சொல்லைத் தேடி எடுக்க அது செலவிடும் திறனும் ஓரளவுக்கு ஒரே கையிருப்பிலிருந்துதான் போகின்றன. கியோட்டோவில் கஜிமுராவும் நொமுராவும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு ஒரு பெயர்ச்சொல் தரப்பட்டது; அதற்குப் பொருத்தமான வினைச்சொல்லை அவர்கள் சொல்ல வேண்டும். எதிரே திரையில் ஒரு முகம் இருக்கும். அந்த முகம் அவர்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று வாய்க்கு வராத, தேடித் தேர்ந்தெடுக்க வேண்டிய வினைச்சொற்களைச் சொல்லக் கூடுதல் நேரம் பிடித்தது. எளிதாக வரக்கூடிய சொற்களில் அந்தத் தடங்கல் இல்லை. உங்கள் பெயர், ஊர், படிப்பு ஆகியவற்றைச் சொல்லும்போது அதிகாரியைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடிவதற்கும், “இந்த வேலைக்கு உங்களை ஏன் எடுக்க வேண்டும்?” என்ற கேள்வி வந்ததும் வார்த்தை சிக்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இன்னும் இரண்டு செய்திகள் இதோடு சேர வேண்டும். பின்லாந்தில் மில்லினேவாவும் ஹியெட்டனெனும் 2015இல் செய்த சோதனையில், எதிரே இருப்பவர் தன்னைப் பார்க்க முடியாதபடி நடுவில் ஒருவழிக் கண்ணாடி இருக்கிறது என்று பங்கேற்பாளர் நம்பியபோது, கண்ணெதிரே தெரிந்த முகம் அதேபோல் நேராகப் பார்த்தும், உடலின் பரபரப்பு குறைந்துபோனது. அதாவது, எதிரிலுள்ள கண்களைவிட, ‘இவர் என்னைப் பார்க்கிறார்’ என்ற எண்ணமே நம்மைக் கலைக்கிறது. அடுத்ததாக, ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பது தெளிவாகத் தெரியாதபோது, ‘என்னைத்தான் பார்க்கிறார்’ என்று எடுத்துக்கொள்ளும் பக்கமே மூளை சாய்கிறது என்று இசபெல் மரெஷாலும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் காட்டினார்கள். மூன்று பேர் அமர்ந்திருக்கும் நேர்காணல் மேசையில் மூன்று பேருமே இமைக்காமல் உங்களையே நோக்குவதாகத் தோன்றினால், அதில் ஒரு பகுதி உங்கள் மூளையின் ஊகம். ஒருவர் உங்கள் சான்றிதழைப் படித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

பயிற்சி: கேட்கும்போது பார், யோசிக்கும்போது விடு, முடிக்கும்போது திரும்பு

இரண்டு பேர் இயல்பாகப் பேசிக்கொள்வதைப் படம்பிடித்து, கண்கள் எப்போது எங்கே போகின்றன என்று நுணுக்கமாகக் கணித்தவர் ஆடம் கெண்டன். 1967இல் அவர் வெளியிட்ட அந்த ஆய்வு இன்றும் இத்துறைக்கு அடித்தளம். கேட்பவர் பேசுபவரை அதிக நேரம் பார்க்கிறார். பேசுபவர் கேட்பவரைக் குறைவாகவே பார்க்கிறார். நீண்ட பேச்சைத் தொடங்கும்போது பேசுபவர் பார்வையை விலக்கிக்கொள்கிறார்; முடிக்கும் கட்டத்தில் மறுபடியும் கேட்பவரைப் பார்த்து, ‘இனி நீங்கள் பேசலாம்’ என்பதைக் கண்ணாலேயே தெரிவிக்கிறார். நம் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசும்போதும் இந்த ஒழுங்குதான் நடக்கிறது. ‘பார்வையை எடுக்காதே’ என்ற அறிவுரை இந்த இயல்பான ஒழுங்கைக் கலைத்துவிடுகிறது என்பதே அதன்மேல் எனக்குள்ள குறை.

பயிற்சிக்கு இரண்டு நாற்காலியும் நடுவில் ஒரு மேசையும் போதும். நண்பர் ஒருவரை அதிகாரியாக உட்காரவையுங்கள். முதல் வாரம் நீங்கள் பதிலே சொல்ல வேண்டாம். அவர் பேச, நீங்கள் பார்த்துக்கொண்டு கேளுங்கள். பேச வேண்டிய சுமை இல்லாதபோது நேர்ப்பார்வையை மூளை எளிதாகத் தாங்குகிறது. அந்தப் பழக்கம் முதலில் படியட்டும். கேட்கும்போது பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. எதிரில் இருப்பவரின் மனநிலை பெரிதும் கண்களைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் ஒரு பெண்ணுக்கு அமிக்டலா இருபுறமும் சிதைந்துபோயிருந்தது. பிறர் முகத்தில் அச்சத்தை அவரால் அடையாளம் காண முடியவில்லை. 2005இல் ரால்ஃப் அடால்ஃப்ஸும் குழுவினரும் அவருடைய கண் எங்கெங்கே போகிறது என்று அளந்து பார்த்தபோது, அவர் முகங்களில் கண் பகுதியைப் பார்ப்பதே இல்லை என்று தெரிந்தது. ‘கண்களைப் பாருங்கள்’ என்று அவரிடம் சொன்னதும், அச்சத்தை அவரால் கண்டுகொள்ள முடிந்தது. நேர்காணலிலும், உங்கள் பதில் அதிகாரிக்குப் புரிந்ததா, போதுமா, இன்னும் விளக்க வேண்டுமா என்பதற்கான விடை அவருடைய புருவத்திலும் இமையிலும் தெரியும்.

எவ்வளவு நேரம் பார்ப்பது என்ற கேள்விக்கு ஓர் அளவு இருக்கிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஏறக்குறைய 500 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், சங்கடம் இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட நேர்ப்பார்வையின் சராசரி அளவு 3.3 நொடி; மிகப் பெரும்பாலோர் 2 முதல் 5 நொடிக்குள் அடங்கினார்கள். இதை மனத்துக்குள் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். எண்ணுவதும் மூளைக்கு இன்னொரு சுமைதான். ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் வாரத்திலிருந்து பதில் சொல்லிப் பழகுங்கள். கேள்வி முடியும்வரை நண்பரைப் பாருங்கள். கேள்வி முடிந்ததும் ஒரு சிறு தலையசைப்போடு பார்வையைக் கீழ்ப்பக்கவாட்டில், மேசையின் மூலைக்கோ உங்கள் கைக்கோ கொண்டுபோங்கள். அங்கேயே வைத்துப் பதிலைத் தேடி எடுங்கள். முதல் வாக்கியத்தின் பாதியில் அல்லது முடிவில் நிமிர்ந்து பாருங்கள். விவரம் சொல்லும்போது மறுபடி விலகலாம். முடிவுரையை மட்டும் கண்டிப்பாக அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். ‘நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்’ என்பதை அந்தப் பார்வையே தெரிவித்துவிடும். “அவ்ளோதான் சார்” என்று அசட்டையாக முடிக்க வேண்டியிருக்காது.

இயந்திரவியல் டிப்ளமோ முடித்த காசிமேட்டு இளைஞர் ஒருவரிடம், லேத் எனும் கடைசல் எந்திரத்தில் டேப்பர் டர்னிங், அதாவது ஒரு முனையை நோக்கிச் சிறுத்துவரும்படி கடைவது, எப்படிச் செய்வீர்கள் என்று பயிற்சியில் கேட்டேன். அவர் என் கண்ணைவிட்டுப் பார்வையை எடுக்கவே கூடாது என்று கற்பிக்கப்பட்டு வந்தவர். கண்கள் என்மேல் குத்திட்டு நிற்க, கட்டைவிரல் பிளாஸ்டிக் ஃபைலின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்க, “அது வந்து சார், அது வந்து” என்பதைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். பார்வை கீழே இறங்கியதும் அவருடைய வலக்கை தானாகவே இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கியது. வெட்டும் உளியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை வேண்டிய கோணத்துக்குத் திருப்பிப் பூட்டிக்கொண்டு உளியைக் கையால் நகர்த்திக் கொடுப்பது ஒரு முறை, நீளமான வேலைத்துண்டில் சரிவு குறைவாக இருந்தால் அதன் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைச் சற்றே நகர்த்தி வைத்துக்கொள்வது இன்னொரு முறை என்று ஒவ்வொன்றாக வந்தது. ‘டேப்பர் அட்டாச்மென்ட் இருந்தால் வேலை இன்னும் சுலபம்’ என்று சொல்லும்போது அவரே நிமிர்ந்து பார்த்தார். அறிவு முழுவதும் அவரிடம்தான் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க மூளைக்கு இடம் தேவைப்பட்டது.

இதைக் குழந்தைகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் க்வினெத் டோஹர்ட்டி-ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், யோசிக்கும்போது பார்வையை விலக்கிக்கொள்ளும்படி 5 வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும், கடினமான கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன விடைகள் மேம்பட்டன. ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதை அவசியம் கவனத்தில் கொள்ள வேண்டும். கணக்கைக் கேட்டுவிட்டு, “மேலே என்ன இருக்கு? என்னைப் பார்த்துச் சொல்லு” என்று அதட்டும்போது, விடைக்குப் போகும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

பார்வையை விலக்கும்போது எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். வாசல், சுவர்க் கடிகாரம், மேசைமேல் இருக்கும் கைபேசி ஆகியவற்றின் பக்கம் கண் போகக் கூடாது. ஒருவருடைய கண் திரும்பும் பக்கம் நம் கவனமும் தானாகத் திரும்பிவிடுகிறது என்பதை ஃப்ரீசனும் கிங்ஸ்டனும் 1998இல் காட்டினார்கள். அந்தப் பார்வை எதையும் சரியாகச் சுட்டாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தும், பார்வை போன பக்கம் தோன்றிய பொருளையே பங்கேற்றவர்கள் விரைவாகக் கண்டுகொண்டார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தால் அதிகாரியின் கவனமும் கடிகாரத்துக்குப் போகும். உங்களுக்கு அவசரம் என்று அவர் நினைத்துக்கொள்வார். உங்கள் கையையோ சான்றிதழ்க் கோப்பையோ பார்த்தால், அவருடைய கவனம் உங்களைச் சுற்றியே இருக்கும். வியாசர்பாடி மைதானத்தில் பந்தாடுபவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் பந்தைத் தள்ளிவிடும் ஆட்டக்காரர், தடுப்பவருடைய மூளையின் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்.

கண்ணுக்குள் நேராகப் பார்ப்பது தாங்க முடியாமல் இருந்தால் அதற்கும் வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் ஷேன் ரோஜர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், உரையாடலின்போது ஒருவர் தம் கண்ணைப் பார்க்கிறாரா, வாயைப் பார்க்கிறாரா என்பதை எதிரில் இருந்தவர்களால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டையுமே அவர்கள் நேர்ப்பார்வையாகத்தான் உணர்ந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நீங்கள் அதிகாரியின் புருவ நடுவையோ மூக்கையோ வாயையோ பார்த்தாலும், தம்மைப் பார்த்துப் பேசுவதாகவே அவர் எடுத்துக்கொள்வார். தொடக்கத்தில் இதை எல்லோரும் பயன்படுத்தலாம்.

மூன்று பேர் கொண்ட குழுவாக இருந்தால், கேள்வி கேட்டவரைப் பார்த்துத் தொடங்கி, நடுவில் ஒவ்வொரு வாக்கியத்தை மற்றவர்களிடம் கொடுத்து, கேட்டவரிடமே திரும்பி வந்து முடியுங்கள்.

பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும் நம் வழக்கத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது மரியாதை, அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. நேர்ப்பார்வையின் பொருள் ஊருக்கு ஊர் மாறக்கூடியது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. பின்லாந்தினரையும் ஜப்பானியரையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களை நேராகப் பார்த்த முகத்தை ஜப்பானியர்கள் கூடுதல் கோபமுள்ளதாகவும் அணுக முடியாததாகவும் மதிப்பிட்டார்கள். வீட்டில் தாத்தாவிடம் இருக்கும் பழக்கம் வீட்டில் இருக்கட்டும். அலுவலகத்துக்கு உரிய பழக்கத்தைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். நேர்காணல் நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். 58 நாடுகளில் ‘பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்று கேட்ட ஆய்வொன்று 2006இல் வெளியானது. மிக அதிகமாகக் கிடைத்த விடை, ‘அவர் கண்ணைப் பார்க்க மாட்டார்’ என்பது. ஆனால் பார்வை விலகுவது பொய்க்கு நம்பத்தக்க அடையாளம் இல்லை என்பதையே இதுவரையிலான ஆய்வுகள் தெரிவிக்கின்றன. கொடுங்கையூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து உங்கள் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை, ‘ஏதோ மறைக்கிறாள்’ என்று தள்ளிவிடாதீர்கள்.

சந்தையும் தெருவும்

இந்தப் பழக்கம் நேர்காணலுக்கு மட்டும் உரியதன்று. காசிமேட்டில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு விற்கும் அக்காவின் கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். வரிசையாக வைத்த வஞ்சிரத்தையும் சங்கராவையும் நீங்கள் பார்த்துக்கொண்டே வருகிறீர்கள். உங்கள் கண் ஒரு மீனில் அரை நொடி கூடுதலாக நின்றதும், அவர் அதே மீனைத் தூக்கிச் செவுளைப் பிரித்து உள்ளே உள்ள சிவப்பைக் காட்டிவிடுகிறார். வாங்க வந்தது எது என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிட்ட பிறகு, விலையில் உங்களுக்கு உள்ள இடம் குறைகிறது. பேரம் பேச நினைத்தால், வேண்டிய மீனை ஒரு முறை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு, பக்கத்துக் கூறைப் பார்த்தபடி விலை கேட்டுத் தொடங்குங்கள். பல வருடம் கடை போட்டவரிடம் இது எப்போதும் பலிக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன்.

தெருவில் நடப்பது இதைவிடக் கவலைக்குரியது. “இன்னாடா மொறைக்கிற?” என்ற ஒரு கேள்வியில் தொடங்கி மருத்துவமனையில் முடிந்த சண்டைகளை இங்குள்ள எல்லாக் குடும்பங்களும் அறியும். முன்னே சொன்ன மூளையின் சாய்வு இங்கே முழு வேகத்தில் வேலை செய்கிறது. மாலை மங்கிய வெளிச்சத்தில், எதிரில் நிற்பவன் எங்கே பார்க்கிறான் என்று சரியாகத் தெரியாதபோது, ‘என்னைத்தான்’ என்று மூளை முடிவு கட்டுகிறது. கோபத்தில் இருப்பவனுக்கு அந்த முடிவு இன்னும் எளிது. தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான். அவன் பார்ப்பது போலத் தோன்றினால், பாதி நேரம் அவன் உன்னைப் பார்க்காமலே இருக்கலாம். பார்வை மோதிவிட்டால் அதைப் பிடித்து நிறுத்தாதே. பக்கவாட்டில், பேருந்து வரும் திசைக்கோ கடைப் பலகைக்கோ இயல்பாக நகர்த்திவிட்டு நடந்துகொண்டே இரு.

வாக்குவாதத்திலும் இதே விழிப்பு தேவை. ஃபிரான்செஸ் சென், ஜூலியா மின்சன் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கு உடன்பாடில்லாத கருத்தைப் பேசுபவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள், அவருடைய பேச்சுக்கு இணங்கியது குறைவாக இருந்தது. வீட்டில் அண்ணன் தம்பிக்குள் ஒரு கசப்பைப் பேசித் தீர்க்க வேண்டுமென்றால், எதிரெதிரே உட்கார்ந்து “என் கண்ணைப் பார்த்துச் சொல்லு” என்று தொடங்குவதைவிட, கடற்கரைச் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது மேல்.

முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ பார்ப்பதாக உணர்வது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. 1898இலேயே உளவியலாளர் எட்வர்ட் டிட்ச்னர் இதைச் சோதித்து, நாம் நெளிந்து திரும்பும் அசைவே பின்னால் இருப்பவருடைய கண்ணை நம் பக்கம் இழுக்கிறது என்று விளக்கிவிட்டார்.

கைபேசித் திரையில் நேர்காணல்

இப்போது முதல் கட்டத் தேர்வு பெரும்பாலும் காணொலி அழைப்பில் நடக்கிறது. திரையில் தெரியும் அதிகாரியின் கண்ணை நீங்கள் பார்த்தால், அவருக்கு நீங்கள் கீழே பார்ப்பதாகத் தெரியும். காரணம், கேமரா திரைக்கு மேலே இருக்கிறது. கைபேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து, கேமரா உங்கள் கண் உயரத்துக்கு வரும்படி வையுங்கள். அழைப்புச் சாளரத்தைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவாருங்கள். அவர் பேசும்போது அவருடைய முகத்தைப் பாருங்கள். உங்கள் பதிலின் முடிவுரையை மட்டும் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் முகமே உங்களுக்குத் தெரியும் சிறு கட்டத்தை மறைத்துவிடுங்கள். யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தோடு, அந்த யாரோவின் இடத்தில் நீங்களும் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் சுமை.

நம் பகுதியில் ஓர் அறை வீடுகள் அதிகம். பின்னால் அம்மாவோ தங்கையோ கடந்து போனால் உங்கள் கண் அந்தப் பக்கம் போகும். அதைத் தொடர்ந்து அதிகாரியின் கவனமும் போகும். சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து, வீட்டார் நடமாடும் இடம் கேமராவுக்குப் பின்பக்கம் வரும்படி அமருங்கள். அங்கே ஒரு துணியைத் திரையாகக் கட்டிக்கொண்டால் உங்கள் கண்ணும் அலையாது.

பார்ப்பதே வலியாக இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன பயிற்சி எல்லோருக்கும் பொருந்தாது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குக் கண்ணுக்குக் கண் பார்ப்பது உண்மையிலேயே தாங்க முடியாத தூண்டுதலாக இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் கண் பகுதியைப் பார்த்த நேரம் கூடக்கூட அமிக்டலாவின் இயக்கமும் கூடியதை 2005இல் கிம் டால்டனும் குழுவினரும் பதிவு செய்தார்கள். கண்களையே பார்க்கும்படி கட்டுப்படுத்தியபோது மூளையின் அடிப்பகுதிகள் மிகையாகக் கிளர்ந்ததை 2017இல் நூஷின் ஹாஜிகானியும் குழுவினரும் காட்டினார்கள். அவர்கள் பார்வையை விலக்குவது அலட்சியத்தாலோ அன்பின்மையாலோ இல்லை. அப்படிப்பட்ட குழந்தையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி “என்னைப் பார்” என்று வற்புறுத்துவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் சேர்ந்து ஒரு பொம்மையையோ படத்தையோ பார்த்தபடி பேசுங்கள்.

ஆட்டிசம் இல்லாமலே, பிறர் பார்க்கிறார்கள் என்ற அச்சத்தால் கடைக்குப் போகவும் கல்லூரிக்குப் போகவும் முடியாமல் வீட்டுக்குள் அடைந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். அது பயிற்சியால் மட்டும் தீரக்கூடியதன்று. சிகிச்சை உண்டு, நல்ல பலனும் கிடைக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ செல்லலாம். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இவர்களில் ஒருவர் நேர்காணலுக்குத் தயாராகும்போது, மூன்று நொடிக் கணக்கையெல்லாம் நான் ஒதுக்கிவிடுகிறேன். அவருக்காக ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குகிறோம்: “சார், நான் யோசித்துப் பேசும்போது வேறு பக்கம் பார்ப்பேன், நீங்கள் சொல்வதை முழுவதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.” நாற்காலியில் உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே, அதிகாரி முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பாக, இதைச் சொல்லிவிட வேண்டும்.